செவ்வாய்க்கிழமைப் போண்டா

போன மாதம் பட்டியலிலிருந்து போண்டாவை எடுத்துவிட்டார்கள்.

புள்ளிவிவர அலுவலகத்தில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்காரும் அம்மையார் கடிதம் எழுதியிருந்தார். கிராமத்து மக்கள் கடையில் வாங்கிச் சாப்பிடும் பண்டங்களுக்குப் புதுப் பட்டியல் வந்துவிட்டதாம். பரோட்டா உள்ளே வந்திருக்கிறது. பாட்டிலில் அடைத்த கலர் வந்திருக்கிறது. போண்டா வெளியே. ‘அந்தக் காலத்தில் எப்படி விலை எடுத்தீர்கள் என்று நம் ஊழியர் மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள்’ என்று முடித்திருந்தார்.

தருகிறேன். ஆசையாகக் கேட்டவர்களுக்கு இது ருசிக்குமா என்பதுதான் தெரியவில்லை. ஐம்பது வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேனே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முதுகு வலி என்று நானே சொல்லிவைத்திருந்தேன். முதுகும் வலிக்கத்தான் செய்தது.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் பல வருஷம் கழித்து, அறுபதுகளில், விலை எடுப்பவனாக வேலைக்குச் சேர்ந்தேன். வில்லியனூர், பாகூர் என்று பிரெஞ்சுக்காரர் பிரித்துவைத்த இரண்டு கொம்யூன் வட்டாரங்களும் என் எல்லை. ஒரு சைக்கிள், ஒரு தோள்பை, தாள்கள். திங்கட்கிழமை பாகூர், செவ்வாய் திருபுவனை, புதன் வில்லியனூர். எந்தக் கிழமை எந்தக் கடை என்பது ஒருமுறை எழுதப்பட்டால் எழுதப்பட்டதுதான். பாகூர் ஏரி நிரம்பி வழிந்தாலும் திங்கட்கிழமை நான் அங்கே இருக்க வேண்டும். நெல் அறுத்த வயலில் கொக்குகூட நிற்காத வெயிலிலும் செவ்வாய்க்கிழமை திருபுவனை சாலையில் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். கரும்பு வண்டிகளுக்குப் பின்னால், அவை சிந்திய தோகைகளின் மேல், டயர் சரசரவென்று பேசிக்கொண்டே போகும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஊர்கள் என்னைக் கடந்து போவதுபோலவும் நான் ஓரிடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும்.

வேலை இதுதான்: ஒரு கூலிக்காரனின் ஒரு ரூபாய் போன வருஷம் எவ்வளவு வயிற்றை நிரப்பியது, இந்த வருஷம் எவ்வளவு நிரப்புகிறது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் உண்டு. ஆனால் அடுப்பு மூட்ட நேரமில்லாதவன் எங்கே சாப்பிடுகிறான்? டீக்கடையில். நின்றபடி, இரண்டு கடியில். ஆகவே டீ, இட்லி, வடை, போண்டா ஆகிய நான்கையும் தனித் தாளில் எடுத்தோம்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் அரங்கநாதன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே குமாஸ்தாவாக இருந்தவர். நாங்கள் பிரெஞ்சில் ஐயா என்று பொருள்படும் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. நான்கு பென்சில்கள், நான்கும் ஒரே நீளம். ஒன்று தேய்ந்தால் மற்ற மூன்றையும் சீவிச் சமமாக்கிவிடுவார். கடைநிலை ஊழியரையும் ‘நீங்கள்’ என்பார். ‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் அழித்த இடம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால், “பொறுங்கள்” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் முழுத் தாளையும் புதிதாக எழுதிக் கொடுப்பேன்.

போண்டாவை எடை போடும் முறையை அவரே வகுத்திருந்தார். மூன்று போண்டா வாங்க வேண்டும். காகிதத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு போட்டால் எண்ணெயும் ஆவியும் சேர்ந்து பொய் சொல்லும். பிறகு மை ஒற்றும் தாளால் ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் ஒற்ற வேண்டும். அதற்கப்புறம் தபால் தராசில் வைக்க வேண்டும். கடிதம் எடை போடுகிற, உள்ளங்கை அகலத் தட்டு கொண்ட சின்னத் தராசு அது. பிரெஞ்சுத் தபால் ஆபீசு மிச்சம். மூன்றின் எடையையும் எழுதிச் சராசரி.

இத்தனைக்கும் முசியே கடைப் போண்டா ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. வெளியே தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரம். ஒருநாள் துணிந்து கேட்டேன்:

“முசியே, வடையின் ஓட்டையை என்ன செய்வது?”

அவர் சிரிக்கவில்லை. “ஓட்டைக்கு எடை கிடையாது. ஆனால் போன வாரத்தைவிட ஓட்டை பெரிதாகியிருந்தால் குறிப்பில் எழுதுங்கள்.”

இன்னொரு விதியையும் சொன்னார். “நீங்கள் பொறுக்கக் கூடாது. பெரிதாகப் பார்த்தோ சிறிதாகப் பார்த்தோ எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கடைக்காரர் தன் கையால் எடுத்துக் கொடுப்பதுதான் கணக்கு.” எவ்வளவு நேர்மையான விதி என்று அன்றைக்கு வியந்தேன். என் கை கறைபடாமல் இருக்க அவர் போட்ட வேலி அது. அந்த வேலிக்குள்தான் பல வருஷம் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

திருபுவனையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு நூல் ஆலை இருந்தது. வாசலுக்கு எதிரே தென்னங்கீற்றுக் கூரை போட்ட ஒரு கடை. அதை நடத்திய அம்மாள் உறுவையாறு என்ற ஊர்ப் பக்கம்; எல்லாருக்கும் அக்கா. கணவர் செங்கல் சூளையில் காலொடிந்து வீட்டோடு இருந்தார். அடுப்பு, கல்லா, வசவு, சிரிப்பு எல்லாம் அக்காதான்.

அந்த ஆலையில் கேன்டீன் கிடையாது. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று ‘டிபன் படி’ கொடுத்தார்கள். அதை வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவதென்று ஆலைக்கும் தொழிலாளருக்கும் ஒப்பந்தம். திருத்துவதற்கு அளவுகோல் என்ன? வாசல் கடையில் எங்கள் அலுவலகம் எடுக்கும் விலைத் தாள். போன வருஷம் வாங்கிய அதே எடைப் பண்டத்தை வாங்க இந்த வருஷம் கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால் படி ஏறும். இல்லாவிட்டால் இல்லை. யாருக்கும் சந்தேகம் வராத ஏற்பாடு. என் பென்சிலைப் பார்த்துக்கொண்டு முந்நூறு குடும்பம் இருந்தது என்பதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடையில் நான் போண்டாவை ஒற்றுவதைப் பார்க்க எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அதில் முன்னால் நிற்பவர் அந்தோணிசாமி. வில்லியனூர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர், நூற்புப் பிரிவு, என் வயதுதான் இருக்கும். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். தொழிலாளர்கள் அவரைத்தான் தங்களுக்காகப் பேச அனுப்புவார்கள்.

“இன்னா சார், எங்க போண்டாவுக்குக் காய்ச்சலா? இப்பிடி ஒத்தி ஒத்தி எடுக்குறீங்க?”

“எண்ணெய எடுத்தாத்தான்பா நெஜ எடை.”

“அந்த எண்ணெயயும் சேத்துதான் சார் நாங்க முழுங்குறோம். அத்த இன்னா கணக்குல எழுதுவீங்க?”

கூட்டம் சிரிக்கும். அக்கா கரண்டியைத் தூக்குவாள். “தோ, வேல செய்யவுடுங்கடா அவர. ஒனக்கு ஷிப்டு இல்லியா அந்தோணி?”

எழுபதுகளின் பின்பாதியில் எண்ணெய் விலை ஏறியது. பருப்பு ஏறியது. என் தாள்களிலேயே ஏறியது, நான்தான் எழுதினேன். ஆனால் அக்காவின் போண்டா பதினைந்து காசிலேயே நின்றது. ஒரு வருஷம், இரண்டு வருஷம். எடையும் நின்றது. நாற்பத்தாறு கிராம், நாற்பத்தைந்தரை, மறுபடி நாற்பத்தாறு. முசியே தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அந்தப் பெண்மணியின் கையே தராசு” என்று மெச்சினார். எண்ணெய் ஏறி, பருப்பு ஏறி, போண்டா மட்டும் எப்படி நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. விலை எடுப்பதே தொழிலாக இருந்த இரண்டு பேருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணிசாமி டீ கிளாசோடு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் வேலைக்குச் சேந்தப்ப என் ஒரு நாள் கூலிய அப்பிடியே போண்டாவா வாங்குனா ஒரு கூடை வரும் சார். இப்பவும் அதே கூடை, அதே எண்ணிக்க. ஆனா தூக்குனா கூடை லேசா இருக்குது. எப்பிடி சார்?”

“வேல செஞ்சு செஞ்சு கை பலமாயிடுச்சுபா” என்றேன்.

நல்ல பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் மூன்று போண்டாவையும் ஒற்றி முடித்தேன். அவர் என் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தை. ஏதோ சொல்ல வருபவர்போல வாயைத் திறந்து, அடுப்படியில் நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.

அந்த வருஷத் திருத்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, சொந்த வேலையாகத் திருவண்டார்கோயில் பக்கம் போய்த் திரும்பும்போது அக்கா கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் டியூப் வெடித்தது. பஞ்சர் போடக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா இல்லை, வியாழக்கிழமைகளில் சாமான் வாங்க வில்லியனூர் போய்விடுவாளாம். அவள் தங்கை அடுப்பில் நின்றாள். என்னைப் பார்த்திராதவள்.

“இன்னா வேணும்?”

“ரெண்டு போண்டா.”

கூடையில் கைவிட்டு, பாதிப் பேப்பரில் வைத்து நீட்டினாள். கையில் வாங்கியவுடன் தெரிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான போண்டாக்களைத் தூக்கிய கை. அதை ஏமாற்ற முடியாது. எலுமிச்சம்பழத்துக்குப் பதில் யாரோ நெல்லிக்காயை வைத்ததுபோல இருந்தது.

“எப்பவுமே இந்த அளவுதானாம்மா?”

“ஆமா. ஏன், நல்லால்லியா?”

“இல்ல… பெருசா இருக்குமேன்னு…”

“பெருசு செவ்வாக்கெழம மட்டும் போடும் எங்கக்கா. சர்க்கார்லருந்து ஒரு ஆபீசரு வருவாராம். அவருக்குன்னு தனியா மூணு நாலு உருட்டி, எலயப் போட்டு மூடி வெச்சிருக்கும். நமக்கு இதான்.”

பஞ்சர் கடைக்காரர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பையில் தராசு எப்போதும் இருக்கும். எடுத்தேன், ஒற்றினேன், வைத்தேன். முப்பத்தொன்று. இன்னொன்று முப்பத்தொன்று. என் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக நான் எதையும் எடை போட்டதில்லை. முள் அசையாமல் நின்றது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பஞ்சர் ஒட்டியாயிற்று, ஏறி மிதித்திருக்கலாம், தோன்றவில்லை. புரியப் புரிய நடந்தேன். விலையை ஏற்ற வேண்டாம் அக்கா, பதினஞ்சு காசுக்கு மேல எங்களால முடியாது என்று ஆலைத் தொழிலாளர்களே அவளிடம் கேட்டிருப்பார்கள். அவளும் ஏற்றவில்லை. உருண்டையைச் சிறிதாக்கிக்கொண்டாள். அவர்களும் தெரிந்தே சாப்பிட்டார்கள். அது அவர்களுக்குள் ஓர் அன்பு. நடுவில் நான் வந்து உட்கார்ந்தேன். ஆபீசருக்குச் சின்னப் போண்டாவைக் கொடுப்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. அதுவும் ஓர் அன்புதான். இந்த இரண்டு அன்புக்கும் இடையில் முந்நூறு பேர் பசியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நான் வாராவாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அந்த எடையை எழுதிய சீட்டை முசியேயின் மேஜையில் வைத்தேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். அழித்த தடம் ஏதுமில்லை.

“இது என்ன கிழமை?”

“வியாழன், முசியே.”

“அந்தக் கடைக்கு நம் கிழமை?”

“செவ்வாய்.”

“அப்படியானால் இது நீங்கள் சாப்பிட்ட போண்டா. அலுவலகத்தின் போண்டா அல்ல.” சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சற்று நேரம் பென்சில்களை ஒழுங்கு பார்த்தார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. பிறகு, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: “வருகிற செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் கொடுப்பதையே உங்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது என்ன எடை வருகிறதோ, அதை எழுதுங்கள். கேள்வி வந்தால் நான் பதில் சொல்கிறேன். கையெழுத்து என்னுடையது.”

இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். அவர் வழி விட்டார். பொறுக்கக் கூடாது என்ற தன் விதியையே உடைத்து வழி விட்டார். அந்த மனிதர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு இடமே வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். கடை நிறைய ஆட்கள். அந்தோணிசாமியும் இருந்தார். அக்கா வழக்கம்போல இலை மூடிய தட்டை எடுத்தாள்.

“அது வேணாம்மா. கூடையில இருக்கறதுல குடுங்க.”

அவள் முகம் வாடியது. “இன்னா சார் இது? அது ஆலப் பசங்களுக்குப் போட்டது. நீங்க இன்னாத்துக்கு அத்தத் துன்னணும்?”

“எல்லாருக்கும் குடுக்கறதுதாம்மா எனக்கும் குடுக்கணும்.”

“இத்தினி வருசமா என் கடயில குந்திச் சாப்புடுறீங்க. நான் இன்னா கொறை வெச்சேன் ஒங்களுக்கு? யாரு இன்னா சொன்னாங்க?” கண் கலங்கிவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

“வுடுக்கா, சாருக்கு இஸ்பெசலு, எங்களுக்கு லோக்கலு!” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். சிரித்தார்கள். அந்தோணிசாமி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வெளிச்சம் இருந்தது. சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்லும் வெளிச்சம்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ‘பரவாயில்லம்மா, கூடையில இருக்கறதையே குடுங்க.’ அவ்வளவுதான். ஆனால் அவள் அழுதாள். கூட்டம் பார்த்தது. தாளில் நாற்பத்தாறுக்குக் கீழே திடீரென்று முப்பத்தொன்று வந்தால், போன மாதம் எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு, எல்லாம் எப்படி நாற்பத்தாறு என்று மேலிடத்திலிருந்து ஆள் வரும் என்று மனம் ஒரு பக்கம் ஓடியது. எனக்குப் பதவி உயர்வுக் காகிதம் வேறு மேலே போயிருந்தது. அந்த நேரத்தில் முசியேயின் பழைய விதி கை கொடுத்தது: நீங்கள் பொறுக்கக் கூடாது, கடைக்காரர் தன் கையால் கொடுப்பதுதான் கணக்கு. அவள் தன் கையால் கொடுத்தாள். நான் வாங்கினேன். ஒற்றினேன். நாற்பத்தாறு.

மாலையில் முசியே தாளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பிடிக்கவில்லை. என்னையும் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

திருத்தக் கூட்டம் ஆலை அலுவலகத்தில் நடந்தது. தொழிலாளர் துறை அதிகாரி நடுவில், ஒரு பக்கம் ஆலை மேலாளர், மறுபக்கம் அந்தோணிசாமியும் இரண்டு பேரும். சுவரோரமாக முசியேயும் நானும். என் காலடியில் பை.

அந்தோணிசாமி சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்றைக்குத் தலையில் பஞ்சு இல்லை. எண்ணெய் வைத்து வாரியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். மூன்று போண்டா.

“அய்யா, வெலை ஏறலன்னு சொல்றாங்க. ஏறலதான். ஆனா பண்டம் கொறஞ்சிடுச்சு. மூணுல ஒரு பங்கு காணம். இத்த எட போட்டுப் பாருங்க. முப்பது கிராம் தேறுனா பெருசு. ரெண்ட துன்னுட்டுத்தான் எட்டு மணி நேரம் நிக்கிறோம்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “வீட்டுல போட்டுக் கொண்டுவந்திருக்கலாம் இல்லையா?”

“மாதா மேல சத்தியமா அக்கா கடைல வாங்குனது சார்.”

“நல்லாப் பேசற. போண்டாவுக்கு மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிடுறியே.” அறையில் சிரிப்பு. அந்தோணிசாமியோடு வந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி தாளைப் புரட்டினார். “இதுல வாராவாரம் எடை இருக்கு. மாறவே இல்லையே. விலை எடுத்தவர் யார்?”

எழுந்து நின்றேன்.

“இதிலே எழுதியிருக்கிறது சரிதானா?”

காலடியில் பைக்குள் தராசு இருந்தது. குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், முள் பேசும். அந்தோணிசாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. ரயிலுக்கு நிற்பவன் தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல, வரும் என்று தெரிந்து பார்த்தார்.

“அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எடையும் அந்தக் கடையில் நான் போட்ட எடைதான்” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றுவரை அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் முசியே மெல்ல மூச்சு விட்டார். நிம்மதியா, வருத்தமா, தெரியாது. அவர் செத்தும் சில வருஷம் ஆகிவிட்டது.

அந்த வருஷம் படி ஏறவில்லை. மேஜைமேலிருந்த மூன்று போண்டாவையும் யாரும் எடை போடவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தோணிசாமி அவற்றை அதே காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் பரவியது.

அதற்கப்புறம் அவர் பெயர் போண்டா அந்தோணி. மேலாளர் வைத்த பெயரை ஆலை முழுக்க எடுத்துக்கொண்டது, தங்களுக்காக அவரை அனுப்பியவர்களே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சங்கத் தேர்தலில் வேறு ஆளைப் பேச அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு, மாமனார் நிலத்தில் கரும்பு போடப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திருத்தினேன். எனக்குத் தெரிந்த விதத்தில். அடுத்த செவ்வாயிலிருந்து அக்கா கொடுத்தது நாற்பத்தாறு, நான் எழுதியது நாற்பத்தைந்து. பிறகு நாற்பத்து நான்கு. வாரம் ஒரு கிராம், சில வாரம் அரை கிராம். யார் கண்ணுக்கும் படாமல், ஏணியில் இறங்குவதுபோல முப்பத்தொன்றுக்கு இறங்கி வந்தேன். எடை போட்டு எழுதியபோதெல்லாம் பொய்யாக இருந்தது, பொய்யாக எழுதிய பிறகு உண்மையாகிவிட்டது. மறுவருஷம் டிபன் படி ஏறியது. போன வருஷம் இழந்ததற்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஜன்னலோரம் முசியே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘பொறுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை.

போண்டாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற கடிதம் வந்த மறுவாரம் விசாரித்துக்கொண்டு போனேன். வில்லியனூர் தாண்டி, கரும்புக்கு நடுவே தனி வீடு. அந்தோணிசாமி வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார். சைக்கிள்லயேவா வந்தீங்க?”

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை, தங்கை, இலை மூடிய தட்டு, காலடியில் இருந்த தராசு. அவர் காம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“இலய மூடி வெச்சத எங்களுக்கும் தெரியும் சார். தெனம் அங்கதான குந்தியிருந்தோம்.”

“அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல?”

“சொன்னா அக்காவ இல்ல இழுப்பாங்க? பாவம், ஒங்களுக்கு மரியாத பண்ணுச்சு. அத்தப் போயி எப்பிடி குத்தம்னு சொல்றது? நீங்க சொன்னா அது சர்க்கார் கணக்கு, யாரு மேலயும் வுழாது. அந்த செவ்வாக்கெழம கூடையில இருந்து கேட்டீங்க பாருங்க, சரி, ஆளு புடிச்சுட்டாரு, கூட்டத்துல சொல்லிடுவாருன்னு நெனச்சேன்.”

மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேக்கணும் சார். அந்த வியாழக்கெழம எட போட்டீங்களே. எவ்ளோ இருந்துச்சு?”

“முப்பத்தொண்ணு.”

அவர் எழுந்து நின்றார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். “பிலோமினா! இங்க வா. சீக்கிரம் வா.” அவர் மனைவி ஈரக்கையோடு வந்தார். “சார், இன்னொரு தபா சொல்லுங்க. அவ காதுல வுழட்டும்.”

“முப்பத்தொரு கிராம்” என்றேன்.

“கேட்டியா? நான் முப்பதுன்னு சொன்னேன். வெறுங்கையில தூக்கிப் பாத்துச் சொன்னேன். ஒரே கிராம்தான் வித்தியாசம்!” அவர் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எம் பொண்ணப் பாக்க வந்தவங்க, போண்டா அந்தோணி வூடு எதுன்னு கேட்டுக்கினு வந்தாங்க சார். ரெண்டு எடம் அப்பிடியே திரும்பிப் போச்சு.” குரல் உயரவில்லை. “இத்த அங்க சொல்லியிருக்கணும். இங்க எங்களுக்குத் தெரிஞ்சதுதான.”